கழுவாத கிளாஸ்

அத்தியாயம் 12

அந்த வெள்ளைக் கோட்டு உவைஸுக்குப் பொருந்தவே இல்லை.

பொருந்தாமல் போனதில் தையல்காரர் மேல் குற்றமில்லை. கருங்கல் டவுனில் டாக்டர்மாருக்குத் தைக்கிற கடை அது. ஜலாலுதீன் மகனைக் கூட்டிக்கொண்டு போகாமல் தான் மட்டும் போய், தன் தோளையே அளக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "எனக்க மொவனுக்கு எனக்க அளவுதான்" என்றாராம். அப்படி நினைக்கிற மனிதரிடம் யார் போய் என்ன சொல்வது? கோட்டின் கை இரண்டும் விரல் நுனி வரை தொங்கின. மார்புப் பையில் சிவப்பு நூலால் 'உவைஸ், சயின்டிஸ்ட்' என்று வேறு தைத்திருந்தார்கள்.

ரஸீனா புருஷனின் கோட்டுக் கையை இரண்டு மடிப்பு மடித்து ஊசி குத்திவிட்டாள்.

"எனக்கே ஒரு மாதிரி இருக்கு," என்றான் உவைஸ், கண்ணாடியைப் பார்த்து. "நான் அங்க சவூதியில ஸ்டோர்ல இருந்து பில்டரும் வால்வும் எண்ணிக் குடுக்குறவன்."

"மாமாட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா?"

"என்ன சொன்னாரு?"

"'கம்பெனி கடல் வெள்ளத்தைக் குடிவெள்ளம் ஆக்குதா இல்லியா? நீ அந்தக் கம்பெனியில இருக்கியா இல்லியா? பின்ன நீ சயின்டிஸ்ட் தான்'னாரு."

ரஸீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போவோம். கடலோரத்துக் கிணறுகளுக்குள் உப்பு எப்படி ஏறுகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள் ரஸீனா. அந்தப் பட்டம் கல்யாணத்துக்குப் பிறகு ஜலாலுதீன் வீட்டு பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. போன வாரம்தான் திருவனந்தபுரத்தில் ஒரு நீர் ஆய்வகம் அவளை வேலைக்கு எடுத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அதே வாரம் தேங்காய்ப்பட்டணம் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பூங்கனி டீச்சரும் வீடு தேடி வந்தாள். "நம்ம பிள்ளைகள் விஞ்ஞானியைப் படத்துல மட்டும்தான் பாத்திருக்கு ரஸீனா. நீ ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேசு. பாத்தாத்தானே அதுகளுக்கும் ஒரு ஆசை வரும்" என்று கூப்பிட்டாள். ரஸீனா சரி என்று சொல்ல வாயைத் திறக்கும் முன்னாலேயே வராந்தாவில் இருந்த ஜலாலுதீன் எழுந்து வந்துவிட்டார்.

"விஞ்ஞானி தானே வேணும்? எனக்க மொவன் லீவுல வந்துல்லா நிக்கான்!"

அந்தப் பள்ளிக்கூடத்தின் செயலாளர் அவர். செயலாளர் சொன்ன பிறகு தலைமையாசிரியை என்ன செய்வாள்? "ரொம்ப சந்தோஷம் ஹாஜியாரே" என்று சொல்லிவிட்டு, ரஸீனாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கு மாமனார் மருமகளிடம் பேசிய பேரம் இதுதான்.

"நீ அவனுக்கு எழுதிக் குடு மக்களே. என்ன சோதனை காட்டணுமோ அதையும் சொல்லிக் குடு. காரியம் மானமா நடக்கட்டு. திங்கக்கெழம நீ வேலைக்குப் போ. நான் தடுக்க மாட்டேன், கேட்டியா?"

கேட்டாள். உட்கார்ந்து எழுதியும் கொடுத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

இன்றைக்குச் சனிக்கிழமை, அந்தப் பேச்சு நாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னதாகவே போய், மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ரஸீனா சாமான்களை எடுத்து வைத்தாள். இரண்டு கண்ணாடிக் கிளாஸ். ஒரு பாட்டிலில் காலையில் துறைமுகத்துப் பக்கம் மொண்ட கடல் வெள்ளம்; தண்ணீரை அந்த ஊரில் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். இன்னொரு பாட்டிலில் மார்த்தாண்டத்தில் வாங்கிய, உப்பே இல்லாத வடித்த வெள்ளம். பிறகு, உப்பைக் கண்டால் வெளுக்கிற சில்வர் நைட்ரேட் மருந்து இருந்த சின்ன பழுப்பு பாட்டில்.

வடித்த வெள்ளத்தில் கொஞ்சம் ஊற்றி இரண்டு கிளாஸையும் கழுவினாள். கவிழ்த்து வடியவிட்டு மறுபடியும் கழுவினாள். உவைஸ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை கழுவினா பற்றாதா?"

"பற்றாது மச்சான். கிளாஸ்ல விரல் வேர்வை இருந்தாக்கூட மருந்து காட்டிக் குடுத்திரும்." அவள் சொல்லிக்கொண்டே கையுறையை நீட்டினாள். "கேட்டுக்கோங்க. மருந்து விட்டா கடல் வெள்ளம் பால் மாதிரி வெளுக்கும். மற்றது தெளிஞ்சே நிக்கும். 'எங்க கம்பெனி செய்யது இதைத்தான்'னு சொல்லுங்க. அவ்வளவுதான் காரியம். உறையைப் போட்டுக்கோங்க. மருந்து விரல்ல பட்டா, வெயில் பட்டதும் கறுத்துப் போவும். எந்த சோப்புக்கும் போவாது."

"கோட்டுக் கையே உறை மாதிரி தானே தொங்குது," என்று உவைஸ் சிரித்தான். உறையை மேஜையிலேயே வைத்துவிட்டான்.

அதற்குள் வெளியிலிருந்து ஜலாலுதீன் கூப்பிட்டார். "எலே உவைஸே, இஞ்ச வா. வெள்ளம் குடிச்சிட்டுப் போ."

அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். முற்றத்தில் பளிங்குக் கல் பதித்த குழாய் ஒன்று நிற்கிறது. 'மர்ஹூம் அசனார் நினைவாக' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அசனார் ஜலாலுதீனின் வாப்பா. போர் போட்டுக் குழாய் வைத்துக் கொடுத்தவர் ஜலாலுதீன். யார் விருந்தாளியாக வந்தாலும் அந்த வெள்ளத்தை ஒரு மடக்குக் குடிக்காமல் மேடை ஏறக் கூடாது. குடித்தவர்கள் எல்லாரும் "ஆகா, சர்க்கரை!" என்பார்கள். டீச்சர்மார் மட்டும் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வந்து குடிப்பார்கள். ஏன் என்று ஹாஜியாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். ரஸீனா கடைசி வரிசையில் மாமியார் ஜமீலா பீவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூங்கனி டீச்சர் வரவேற்றுப் பேசும்போது "விஞ்ஞானி உவைஸ் அவர்கள்" என்று சொல்லுமுன் ஒரு தடவை எச்சில் விழுங்கினாள்.

உவைஸ் நன்றாகத்தான் பேசினான். பேச்சு அப்படி. கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல வெள்ளமும் கடல் வெள்ளமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிறதையும், நாம் நல்ல வெள்ளத்தை அளவில்லாமல் உறிஞ்சினால் கடல் உள்ளே ஏறி வருகிறதையும் ரஸீனா சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். கடைசி வரிசையில் ரஸீனாவின் உதடும் அவனோடு சேர்ந்து அசைந்தது. ஒரு இடத்தில் அவன் வரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினான். அந்த வரியை அவள் உதடு மட்டும் சொல்லி முடித்தது.

முன்வரிசையில் ஜுஹைனா என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் எழுந்தாள். "சார், உங்க லேப்ல பொம்பளைகள் உண்டா?"

"உண்டு, உண்டு," என்றான் உவைஸ். அவன் அந்தக் கம்பெனி லேபின் வாசலை மிதித்ததில்லை.

"எங்க படிக்கணும் சார் அதுக்கு?"

உவைஸ் மண்டபத்தின் கடைசிக்குக் கண்ணை ஓட்டினான். மேடையில் இருந்த ஜலாலுதீன் முந்திக்கொண்டார். "நல்லாப் படிச்சா எல்லாம் தானா வரும் மக்களே. எனக்க மொவனைப் பாத்தீங்கல்லா!"

எல்லாரும் கை தட்டினார்கள். ரஸீனாவும் தட்டினாள். திங்கட்கிழமை காலையில் குழித்துறை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே தட்டினாள்.

பிறகு சோதனை. முதல் கிளாஸில் கடல் வெள்ளம். மருந்து நாலு சொட்டு விழுந்ததும் வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாகத் திரண்டது. பிள்ளைகள் "ஓ!" என்றார்கள். ஜலாலுதீன் சபையைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாவது கிளாஸில் வடித்த வெள்ளம் தயாராக நின்றது. உவைஸ் அதை எடுத்தான். எடுத்து, மேடை ஓரத்தில் இருந்த பூந்தொட்டியில் கொட்டினான்.

ரஸீனா பாதி எழுந்துவிட்டாள்.

"மருந்துக்கடையில வாங்கின வெள்ளம் நமக்கெதுக்கு?" என்றான் மைக்கில். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் கூஜாவை எடுத்தான். "இது எங்க வாப்பாக்க வாப்பா பேருல உள்ள வெள்ளம். நீங்க டெய்லி குடிக்கிற வெள்ளம். இதை விட சுத்தமான வெள்ளம் நம்ம ஊர்ல உண்டா?"

மண்டபம் கை தட்டலில் அதிர்ந்தது. ஜலாலுதீன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். மகன் இப்படிச் சொல்வான் என்று அவரும் நினைக்கவில்லை.

மகனுக்கு வாப்பாவைக் குளிர வைக்க வேண்டும் என்று ஆசை, வேறொன்றுமில்லை. குடித்த ஒரு மடக்கில் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, விருந்தாளிகள் சர்க்கரை என்கிறார்கள், அப்படியானால் உப்பு இல்லை என்றுதானே அர்த்தம் என்று கணக்குப் போட்டுவிட்டான். ஸ்டோரில் வால்வு எண்ணுகிறவனின் கணக்கு.

மருந்து விழுந்தது.

எந்தக் கிணற்று வெள்ளத்திலும் இந்த மருந்து விட்டால் லேசாக ஒரு மங்கல் வரும். அது வந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இது அப்படி வரவில்லை. பக்கத்துக் கிளாஸுக்கு நான் என்ன குறைச்சல் என்று கேட்கிற மாதிரி வெளுத்துத் திரண்டது. இரண்டு கிளாஸில் எது கடல், எது அசனார் என்று சொல்ல முடியவில்லை.

கை தட்டல் பாதியில் நின்றது.

ஜுஹைனா மறுபடியும் எழுந்தாள். "சார், அப்ப இதுலயும் உப்பு உண்டா? நாங்க இதைத்தானே குடிக்கோம்?"

உவைஸின் கண் நேரே கடைசி வரிசைக்கு வந்தது. ஜலாலுதீனின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் ஊரில் நாலு பஞ்சாயத்துப் பேசிய மனிதர், சும்மா இருப்பாரா? எழுந்து மகன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"ஒண்ணும் இல்ல மக்களே. கிளாஸ் அழுக்கா இருந்திருக்கும். இதையெல்லாம் எடுத்து வச்சது எனக்க மருமவ. அவளும் படிச்சவ தான். அவகிட்டயே கேப்போம்." கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மக்களே ரஸீனா? கிளாஸைச் செரியாக் கழுவல்ல, அப்படித்தானே?"

நானூறு தலை திரும்பியது.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த வெள்ளம் என்ன, அது எப்படி ஏறியது, எத்தனை அடியில் கடல் நிற்கிறது என்று இப்போதே கரும்பலகையில் போட்டுக் காட்டுவாள். இதைச் சொல்லத்தானே அத்தனை வருஷம் படித்தாள். சொன்னால் அசனார் பெயர் ஊர் முன்னால் உப்பாகிவிடும். சொன்னால் திங்கட்கிழமை இல்லை.

பக்கத்தில் ஜமீலா பீவி தலையைக் குனிந்துகொண்டு அவள் முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். எதற்கு இழுத்தாள் என்று ரஸீனாவுக்குத் தெரியவில்லை.

"ஆமா மாமா," என்றாள் ரஸீனா. "கிளாஸ்ல ஏதோ இருந்திருக்கும். நான் கழுவினது பற்றல்ல."

"கேட்டீங்களா!" என்றார் ஜலாலுதீன்.

ஜுஹைனா உட்கார்ந்தாள். உட்காரும்போது ரஸீனாவை ஒரு பார்வை பார்த்தாள். பூங்கனி டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. அவசர அவசரமாகப் பொன்னாடை போர்த்தினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், நாட்டுப்பண் பாடினார்கள். ரஸீனா வெளியே வந்தபோது பிஸ்கட் தின்ற பிள்ளைகள் பளிங்குக் குழாயின் முன்னால் வரிசையாக நின்று கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காருக்குள் ஏறித் தலையைக் குனிந்துகொண்டாள். மேஜையில் விட்டுவிட்டு வந்த மருந்து பாட்டில் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மதியம் நெய்ச்சோறும் நெய்மீன் பொரித்ததும். ஜலாலுதீன் நன்றாகச் சாப்பிட்டார். மகனின் பேச்சை அவரே ஒரு தடவை திரும்பப் பேசிக் காட்டினார். ரஸீனா அவர் இரண்டாம் சோறு வாங்குகிற நேரம் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, திங்கக்கெழம காலத்த வண்டிக்குப் போணும். குழித்துறை வரைக்கும் ஆட்டோ சொல்லி வைக்கட்டா?"

"எங்க போற?"

"வேலைக்கு மாமா. நீங்க சொன்னீங்கல்லா."

ஜலாலுதீன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்.

"ஒரு கிளாஸைக் கழுவத் தெரியாத்தவளுக்கு லேப்ல என்ன மக்களே வேலை?"

ரஸீனா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்க கேட்டதுக்குத்தான் நான்..."

"நான் கேக்கத்தான் செய்தேன். ஆமான்னு சொன்னது நீ. நானூறு பிள்ளைகள் கேட்டுதுல்லா." அவர் குரல் இப்போது கொஞ்சம் ஏறியது. "எனக்க வாப்பா பேரைப் பால் மாதிரி வெளுக்க வச்ச. வெளிய தல நீட்ட முடியாத்த மாதிரி ஆயிருக்கும், எனக்க நல்ல நேரம் தப்பிச்சேன். நாளைக்கு அங்க போய் இதே மாதிரி ஒண்ணு செய்து வச்சா, ஜலாலுதீனுக்க மருமவளாக்கும்னுதானே சொல்லுவான்? வேண்டாம். நான் வாக்கு மாறுறவன் இல்ல. காரியம் மானமா நடந்தா போன்னு சொன்னேன். மானமாவா நடந்து?"

வேடிக்கையைப் பாருங்கள். காலையில் மேடையில் நின்று அவரே அவிழ்த்துவிட்ட பொய். மத்தியானச் சோறு வெந்து இறங்குவதற்குள் அது அவருக்கே சத்தியமாகிவிட்டது. கடைசியில் அந்தப் பொய்க்குச் சாட்சியும் இவளே, தண்டனையும் இவளுக்கே.

ரஸீனா புருஷனைப் பார்த்தாள். கிளாஸ் கழுவும்போது பக்கத்தில் நின்றவன். ஒரு தடவை பற்றாதா என்று கேட்டவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உவைஸ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். முள் இல்லாத துண்டு அது. அவன் வலது கை விரல் நுனிகள் பழுப்பாகக் கறுக்கத் தொடங்கியிருந்தன.

அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் ரஸீனா குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஜமீலா பீவி பின்னால் வந்து நின்றாள்.

"உப்புதான் ஏட்டி," என்றாள் மெதுவாக. "போன வருசம் ஆண்டு விழாவுக்குப் போனப்பவே குடிச்சுப் பாத்தேன். பழகாத்த நாக்குக்குக் கரிப்பு தெரியும்."

ரஸீனா திரும்பினாள். "பின்ன நீங்க ஏன் மாமி மாமாட்ட சொல்லல்ல?"

"நீ சொன்னியா?"

ஜமீலா பீவி குழாயை மூடினாள். "சும்மா வெள்ளத்தை வீணாக்காண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறையில் உவைஸ் சோப்புப் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எலுமிச்சம்பழம் வைத்தும் தேய்த்திருக்கிறான் போல.

"நான் கழுவினதை நீங்க பாத்தீங்கல்லா?" என்றாள் ரஸீனா.

"பாத்தேன்."

"பின்ன?"

"வாப்பா முன்ன எப்படிப் பேச? அதுவும் இன்னைக்கு." அவன் துண்டை எடுத்தான். "நான் லீவு முடிஞ்சு போயிருவேன் ரஸீனா. இஞ்ச இருக்க வேண்டியது நீ. வீட்டுல சண்டை வேண்டாம்னுதான் பேசாம இருந்தேன். உனக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றாள் ரஸீனா. "உங்க வாப்பாக்க மானத்தை நான் காப்பாத்தினேன் மச்சான், பொய் சொல்லிக் காப்பாத்தினேன். எனக்கு வேண்டி ஒரு உண்மை சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பல்ல இல்லியா?"

உவைஸ் கட்டிலில் உட்கார்ந்து கறுத்த விரல்களைப் பார்த்தான். கோட்டு நாற்காலியில் கிடந்தது. சிவப்பு நூலெழுத்து மேலே தெரியும்படி யாரோ ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்த ஜலாலுதீன் வராந்தா நாற்காலியில் இருந்துகொண்டு மருமகளைக் கூப்பிட்டார். உவைஸும் வந்து தூணோரம் நின்றான்.

"அந்த ஆபீசுக்கு இப்பவே போன் செய்து சொல்லிரு மக்களே. காத்திருக்க வைக்கப்பிடாது. அது மரியாதை இல்ல."

மரியாதையைப் பற்றி அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்! ரஸீனா போனை எடுத்தாள். அவர் முன்னாலேயே பேசினாள். வீட்டில் கொஞ்சம் சூழ்நிலை சரியில்லை, திங்கட்கிழமை வந்து சேர முடியாது என்றாள். அந்தப் பக்கம் இருந்த பெண், "நல்லா யோசிச்சிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். "திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் வேற யாரையும் கூப்பிடல. அதுக்கு மேல என் கையில இல்ல."

டாக்டர் என்று அவளை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. "சரி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் ஜலாலுதீன். "நல்லது. ஒரு சாயா கொண்டு வா."

அவள் உள்ளே திரும்பும்போது கேட் சத்தம் கேட்டது.

ஜுஹைனா. பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு. இன்னொரு கையால் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். ரஸீனா முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். விரல் நுனி அஞ்சும் கறுத்திருந்தன.

பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்டுப் பக்கம் போனாள்.

"ரஸீனா இத்தா, உங்க மருந்து பாட்டில் மேடையில இருந்து. நான் எடுத்தேன். டீச்சருக்குத் தெரியாது, வழக்கு சொல்லி ஏசாதீங்க." மூச்சு விடாமல் பேசினாள். "நாங்க மூணு பேரு லேப்ல இருந்து புது கிளாஸ் எடுத்தோம். சோப்பு போட்டுக் கழுவினோம். பிறகு சயின்ஸ் ரூம்ல உள்ள வடிச்ச வெள்ளத்துலயும் கழுவினோம். கிளாஸ்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல இத்தா. பின்னயும் வெள்ளைதான் வந்து."

தூக்கின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கிளாஸ். அசனார் வெள்ளம், அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

"எங்க வீட்டுல கிணறு இல்ல இத்தா. நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடத்துல இருந்துதான் பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு போவோம். உம்மாக்கு பிரஷர் உண்டு, உப்பு ஆவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் கேக்க வந்தேன்." ஜுஹைனா அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்க நிஜமாவே கிளாஸைக் கழுவாமலா வச்சீங்க?"

"யாரு மக்களே அது?" என்று வராந்தாவிலிருந்து ஜலாலுதீன் கேட்டார்.

திங்கட்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் இதைச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். எல்லாவற்றையும் போனில் கொட்டிக் கவிழ்த்த பிறகு சொல்வதில் என்ன பெருமை? அது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் இந்தப் பிள்ளையின் முன்னால் இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"கழுவினேன் மக்கா," என்றாள் ரஸீனா, வராந்தாவுக்கும் கேட்கும்படி. "ரெண்டு தடவை கழுவினேன். கிளாஸ்ல ஒண்ணும் இல்ல. வெள்ளம்தான் உப்பு. உம்மாவை இனி அதைக் குடிக்காண்டாம்னு சொல்லு."

வராந்தா நாற்காலி கிரீச்சிட்டது. ஜலாலுதீன் எழுந்துவிட்டார். தூணோரம் நின்ற உவைஸ் கறுத்த கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஜுஹைனா அதையெல்லாம் பார்க்கவில்லை. தூக்கை மூடினாள். அவள் குரலில் கோபம் இல்லை. சோதனை முடிந்த பிறகு சந்தேகம் கேட்கிற பிள்ளையின் குரல்தான்.

"அப்ப காலத்த எங்ககிட்ட ஏன் இத்தா பொய் சொன்னீங்க?"